முள் பூஜ்யத்தில் நின்றது, காற்று உள்ளேயே இருந்தது

சொட்டுநீர்க் குழாயில் இருக்கும் பிரஷர் மீட்டரைப் பற்றிக் கேள்வி வருவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பவர் ஸ்பிரேயர் மீட்டர் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை என்ற குறையும் அடிக்கடி வரும். ஆனால் மதுராந்தகம் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து வந்த கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. "மகள் சென்னையில் காலேஜில் படிக்கிறாள். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறாள். அவளுடைய ஏர் ரைபிளில் பிரஷர் மீட்டர் வேலை செய்யவில்லை. ஸ்பிரேயரில் மாற்றுவது மாதிரி நாமே மாற்றிக்கொள்ளலாமா?"

மாற்றலாம். ஆனால் ஸ்பிரேயரில் மாற்றுவது மாதிரி மாற்றக் கூடாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்தக் குடும்பத்துக்கு மயிலாப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியவந்தது. கேள்வியோடு அவர் எழுதி அனுப்பிய விவரம், கிராமத்து வீடுகளில் மீட்டர் வைத்த எந்தச் சாமானைக் கையாள்பவருக்கும் உதவும்.

கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அந்தப் பெண்ணின் அத்தை வீடு. ரைபிள் புதிதல்ல. சீனியர் மாணவி ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. குழாய்க்குள் முன்கூட்டியே காற்றை அடைத்துவைத்துச் சுடும் வகை. ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் பழைய ஏர் கன் அல்ல இது. குழாயில் 200 பார் வரை காற்றை ஏற்றிவிட்டால், ஒவ்வொரு முறையும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு ஈயக் குண்டைத் தள்ளும். எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று காட்டத்தான் முன்பக்கம், கட்டையின் அடியில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மீட்டர்.

அந்த மீட்டரின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கைப் பம்பில் காற்று ஏற்றியபோதே அது எழவில்லை என்றாள் பெண். பயிற்சிக்குப் போகாமல் ரைபிள் பீரோவில் கிடந்தது. அப்பா சனிக்கிழமை அறுவடை வேலையை முடித்துவிட்டு, மறுநாள் காலை ரயிலேறி மாம்பலத்தில் இறங்கி, மஞ்சப்பையில் ஸ்பேனர் செட்டோடு வந்து சேர்ந்தார். ஊரில் ஸ்பிரேயர், மோட்டார், சொட்டுநீர் ஃபில்டர் எல்லாம் அவரே பார்ப்பவர். "முள் ஜீரோலதான் இருக்கு. காத்து இறங்கியாச்சு. கழட்டி எடுத்துட்டுக் கடைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

மாடிப் போர்ஷனில் ஒரு பெரியவர் இருக்கிறார். கிண்டி தொழிற்பேட்டையில் பாய்லர் மீட்டர்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பேப்பர் வாங்க இறங்கியவர் ஸ்பேனரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தம்பி, என்ன பண்றீங்க?"

"மீட்டர் போயிடுச்சுங்க ஐயா. மாத்தணும்."

"காத்து இருக்கா உள்ள?"

"இல்லீங்க. முள் ஜீரோ."

பெரியவர் பெண்ணிடம் திரும்பினார். "ஏம்மா, கடைசியா பம்ப் அடிச்சப்ப பம்புல இருக்கிற மீட்டர் எவ்வளவு காட்டிச்சு?"

"200 தாத்தா."

"அப்புறம் சுட்டியா?"

"பத்து, பதினஞ்சு இருக்கும்."

"அப்ப மிச்சக் காத்து எங்க போச்சு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

கெட்டுப்போன மீட்டரே சாட்சி ஆகாது

எந்த மீட்டரை மாற்றப் போகிறோமோ அது சொல்வதை நம்பி அதைக் கழற்றக் கூடாது. கெட்டுப்போனது என்று நாமே முடிவு செய்த பிறகு, அது காட்டும் பூஜ்யத்தை மட்டும் ஏன் நம்புகிறோம்? ஆனால் ஸ்பிரேயரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். ஸ்பிரேயரில் பிழைத்துக்கொள்கிறோம். காரணம், அதில் இருப்பது தண்ணீர். இன்ஜினை நிறுத்தி, கன்னைத் திறந்துவிட்டால் அழுத்தம் நொடியில் இறங்கிவிடும். தண்ணீர் சுருங்காது, அதனால் விரியவும் செய்யாது. காற்று அப்படி அல்ல. 200 மடங்கு சுருக்கி வைத்த காற்று, வழி கிடைத்தால் 200 மடங்கு விரியும்.

கணக்கைப் பாருங்கள். கார் டயரில் சுமார் 2 பார். பஸ், லாரி டயரில் 8 பார். சொட்டுநீர்ப் பக்கவாட்டுக் குழாயில் 1 முதல் 1.5 பார். பவர் ஸ்பிரேயரில் 20 முதல் 30 பார். இந்த ரைபிள் குழாயில் 200 பார். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 204 கிலோ. மீட்டரின் மரைப் பகுதி 10 மி.மீ. குறுக்களவு என்றால் அதன் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 160 கிலோ வருகிறது. கொள்முதல் நிலையத்தில் எடை போடும் 40 கிலோ நெல் மூட்டை நான்கை அந்தச் சின்ன மீட்டரின் முதுகில் அடுக்கி, மரையின் இரண்டு சுற்று மட்டும் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்று கழலும் நேரத்தில் அந்த மீட்டர் எங்கே போகும், குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் எங்கே இருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே காற்று இருக்கிறதா என்று மீட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர் செய்த வழி எளிமையானது. கைப் பம்பை ரைபிளில் மாட்டச் சொன்னார். குழாய் காலியாக இருந்தால், பம்பின் மீட்டர் மெதுவாகத்தான் ஏறும். 200 வரை போக நூறு அடிக்கு மேல் அடிக்க வேண்டும். அன்று நடந்தது வேறு. நாலைந்து அடியிலேயே பம்பின் முள் 170ஐத் தாண்டித் தாவியது. அதன்பிறகு ஒவ்வோர் அடிக்கும் நகரவே யோசித்தது. முதல் நாலைந்து அடி நிரப்பியது நடுவில் உள்ள ஹோஸைத்தான். ஹோஸின் அழுத்தம் குழாயின் அழுத்தத்துக்குச் சமமானதும் ரைபிளின் உள்வால்வு திறந்தது. ஆக, முள் எங்கே தயங்குகிறதோ அதுதான் குழாயில் உள்ள அழுத்தம். பூஜ்யம் காட்டிய ரைபிளுக்குள் 170 பாருக்கு மேல் இருந்தது.

அப்பா அன்று காலைச் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை பிறகு சொன்னாராம்.

காற்றை இறக்கிய விதம்

வீட்டில் வைத்து எதையும் செய்யவில்லை. ரைபிளைப் பையில் போட்டுக்கொண்டு பயிற்சி நடக்கும் சுடுதளத்துக்கே போனார்கள். பயிற்சியாளர் முன்னிலையில், இலக்குப் பலகைக்குப் பின்னால் குண்டுகளைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியை நோக்கி, வேகம் குறைந்து சத்தம் மங்கும் வரை சுட்டுத் தீர்த்தார்கள். மொட்டைமாடியில், தோட்டத்தில், சந்தில் இதைச் செய்யக் கூடாது. வெறும் காற்றுத்தானே என்று குண்டில்லாமல் சுட்டாலும் குழல் பாதுகாப்பான திசையில்தான் இருக்க வேண்டும். குழலில் குண்டு இருக்கிறதா என்பதில் வீட்டுக்கு வீடு ஏமாந்தவர்கள் உண்டு.

சுட்டுத் தீர்ந்த பிறகும் குழாயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் உள்ள ரைபிள்களில் காற்று இரண்டு அறைகளில் தங்கும். ஒன்று காலியானதால் மற்றதும் காலி என்று ஆகாது. பல ரைபிள்களில் காற்றை இறக்குவதற்கென்றே ஒரு சிறிய திருகு வைத்திருப்பார்கள். அதைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினால் சீறிக்கொண்டு வெளியேறும். சீறல் நின்ற பிறகும் அந்தத் திருகைத் திறந்தே வைத்துக்கொண்டு மீட்டரைக் கழற்றினார் பயிற்சியாளர். அந்தத் திருகு இல்லாத ரைபிள் என்றால் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. மீட்டரையே கொஞ்சம் தளர்த்திக் காற்றை விடலாம் என்று சிலர் செய்கிறார்கள். அது மேலே சொன்ன நான்கு மூட்டைக் கணக்கை நேரில் சோதித்துப் பார்ப்பது.

கழற்றும்போது மீட்டரின் வட்ட முகத்தைப் பிடித்துத் திருகக் கூடாது. வயலில் நாம் அனைவரும் உள்ளங்கையால் அழுத்தித் திருகிப் பழகியவர்கள். முகத்துக்குக் கீழே ஸ்பேனர் பிடிக்கச் சதுரமாகவோ அறுகோணமாகவோ ஒரு பகுதி இருக்கும். ஒரு ஸ்பேனர் அதில், இன்னொன்று அது உட்காரும் கட்டையில். முகத்தைத் திருகினால் உள்ளே உள்ள மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும். புது மீட்டர் பொருத்தும்போதே கெட்டுப்போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

கழற்றிப் பார்த்தபோது விஷயம் வெளிச்சமானது. மீட்டரின் வாயில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. காற்றின் அடி மீட்டரில் நேரடியாக விழாமல் இருக்கத்தான் இவ்வளவு சின்னதாக வைத்திருப்பது. அதை மஞ்சள் கிரீஸ் கெட்டியாக அடைத்திருந்தது. முன்பு பயன்படுத்திய யாரோ மரையில் சாதாரண வண்டி கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். உள்ளே 170 பார் இருந்தும் அது மீட்டருக்குள் போக வழியில்லை.

இந்த கிரீஸில் அடைப்பைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உயர் அழுத்தக் காற்று வேகமாக உள்ளே ஏறும்போது சூடாகும். அந்தச் சூட்டில் பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் ஓடுவதே இந்தத் தத்துவத்தில்தான். ஆகவே இந்த ரைபிள்களில் ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் ஒட்டும் அளவு. வண்டி கிரீஸ், மெஷின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் ஆகாது. இதோடு சேர்த்து இன்னொன்று: கைப் பம்ப் அடிக்கச் சலித்துக்கொண்டு வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் குழாய் வெடிக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரால் ஆபத்தும் இல்லை, பயனும் இல்லை. அது 10 பார் அளவில் நின்றுவிடும்.

சாராயக் காய்ச்சும் குழாயில் பிறந்த மீட்டர்

முள் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் அது எப்படிக் கெடும் என்பதும் புரியும். நம் வயல் மீட்டர், பாய்லர் மீட்டர், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் மீட்டர் எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். பாரிஸைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் என்பவர் 1849இல் காப்புரிமை பெற்றது. காய்ச்சி வடிக்கும் சுருள் குழாய் ஒன்று வளைக்கும்போது நசுங்கிவிட்டது. அதைப் பழையபடி உருட்டையாக்க உள்ளே அழுத்தத்தை ஏற்றினார்கள். நசுங்கல் நிமிர்ந்தது, கூடவே சுருளும் தானாக விரிந்தது. அழுத்தம் ஏற ஏற விரியும், இறங்கினால் சுருங்கும் என்று பூர்தோன் கண்டுகொண்டார். நுனியில் ஒரு பல்சக்கரமும் முள்ளும் மாட்டினால் மீட்டர் தயார்.

திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் சுருள் காகித ஊதல் நினைவிருக்கிறதா? ஊதினால் நீளும், விட்டால் சுருளும். அதேதான். ஆனால் இங்கே அது பித்தளையோ எஃகோ, நகர்வது சில மில்லிமீட்டர் மட்டும். அளவுக்கு மேல் ஒருமுறை அழுத்தம் ஏறிவிட்டால் உலோகம் நிரந்தரமாக விரிந்துவிடும். அதன்பின் காற்றே இல்லாதபோதும் முள் 20, 30 என்று நிற்கும். கீழே விழுந்தால் பல்சக்கரம் தாவிவிடும். பூச்சிமருந்து காய்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் அதிர்வில் பல் தேய்ந்துவிடும். அதிர்வுள்ள இடத்துக்குத்தான் கிளிசரின் நிரப்பிய மீட்டர் வருகிறது.

காற்று ரைபிள் இந்த மீட்டரைவிடப் பழையது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆஸ்திரிய ராணுவம் 1780 வாக்கிலேயே ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்று ரைபிளை வைத்திருந்தது. அதன் காற்றுக் குடுவையை நிரப்ப ஆயிரத்துக்கும் மேல் பம்ப் அடிக்க வேண்டும். பூர்தோன் வர இன்னும் 70 ஆண்டு இருந்தது. எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை அந்தச் சிப்பாய்கள் அடித்த எண்ணிக்கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மரை ஒன்று போலவே இருக்கும்

புது மீட்டர் வாங்கத் தி.நகர் பக்கம் அலைந்து பயனில்லை. ரங்கநாதன் தெருவில் ஊசி முதல் ஃபிரிட்ஜ் வரை கிடைக்கும், இது கிடைக்காது. பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு இரண்டும் குழாய், வால்வு, மீட்டர் கடைகளுக்குப் பேர் போனவை. அப்பா அங்கே போகத் தயாரானார். பெரியவர் தடுக்கவில்லை, கூடவே வந்தார்.

கடையில் நடந்ததுதான் விஷயம். பழைய மீட்டரைக் காட்டியதும் கடைப் பையன் அதே அளவில் ஒன்றை எடுத்துப்போட்டான். கையால் ஒரு நட்டில் திருகியும் காட்டினான். இரண்டு சுற்றுப் போனது. பெரியவர் பையிலிருந்து மரை அளக்கும் சீப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். பழையது 10 மி.மீ. மெட்ரிக் மரை, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி சரியாக 1 மி.மீ. புதியது நம் பம்ப் செட் சாமான்களில் வரும் பி.எஸ்.பி. எட்டில் ஒரு பங்கு அங்குல மரை. அதன் குறுக்களவு 9.73 மி.மீ., இடைவெளி 0.907 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறும். மூன்றாவது சுற்றில் இறுகும். "நல்லா டைட்டா இருக்கு" என்று நாம் சந்தோஷப்படும்போது மரை அறுந்துகொண்டிருக்கும். சொட்டுநீரில் இதனால் ஒழுகும். 200 பாரில் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

டெஃப்ளான் டேப் இரண்டு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடாதா? ஆகாது. டேப் என்பது நுனி குறுகிப் போகும் கூம்பு மரைக்கு. அங்கே மரையே அடைப்பு. ரைபிளில் இருப்பது நேர் மரை. இங்கே காற்றைத் தடுப்பது மரை அல்ல, அடியில் உட்காரும் ஓ-ரிங் அல்லது உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய உலோக வாஷர். டேப் சுற்றினால் ஓ-ரிங் சரியாக உட்காராது. டேப்பின் இழை பிரிந்து ஊசித் துளைக்குள் போனால் மறுபடி முள் பூஜ்யம். ஓ-ரிங்கும் கிடைத்ததைப் போடக் கூடாது. குழாய்க் கடை ரப்பர் மெத்தென்றிருக்கும், உயர் அழுத்தத்தில் பிதுங்கிவிடும். கெட்டி ரகம் வேண்டும். பழையதைத் திரும்பப் போடுவது வேண்டாத சிக்கனம்.

கடைசியில் அன்று அங்கே மீட்டர் வாங்கவில்லை. ரைபிள் தயாரித்த நிறுவனத்தின் உதிரிப் பாகமாகவே வரவழைப்பது என்று முடிவானது. அதைச் செலவு என்று அப்பா முதலில் யோசித்தாலும் பெரியவர் விட்டுக்கொடுக்கவில்லை. பழையதைச் சுத்தம் செய்து போடலாமே என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. துளையில் உள்ள கிரீஸை எடுக்கலாம், சுருளுக்குள் போனதை எடுக்க முடியாது.

அளவுகோல் பற்றியும் ஒரு வார்த்தை. 200 பார் ஏற்றும் சாமானுக்கு 200 வரை மட்டும் காட்டும் மீட்டர் போதாது. 300 அல்லது 315 வரை உள்ளது வேண்டும். வழக்கமாக வேலை செய்யும் அழுத்தம் முகத்தின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இதே விதிதான் வயலுக்கும். 1.5 கிலோவில் ஓடும் சொட்டுநீருக்கு 10 கிலோ மீட்டரை மாட்டினால் முள் ஓரத்திலேயே கிடக்கும், அரை கிலோ வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நம் நாட்டில் பூர்தோன் மீட்டருக்கு ஐ.எஸ். 3624 என்ற தர நிர்ணயம் உண்டு. முகத்தில் 1.0, 1.6, 2.5 என்று எண் போட்டிருந்தால் அது பிழை சதவீதம். 300 பார் மீட்டரில் 2.5 என்றால் 7.5 பார் முன்னே பின்னே இருக்கலாம். மீட்டரைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்றால் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் மத்திய அரசின் சிறு, குறு தொழில் சோதனை மையம் இருக்கிறது. கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

ஒழுகலா, குளிர்ச்சியா?

புது மீட்டர் வந்ததும் கையால் முழுக்கத் திருகி, ஸ்பேனரால் ஓ-ரிங் உட்காரும் அளவுக்கு மட்டும் இறுக்கினார்கள். உடனே 200 ஏற்றவில்லை. முதலில் 50 பார். சோப்பு நுரையைத் தூரிகையால் மீட்டரின் அடியில் தடவிப் பார்த்தார்கள், குமிழ் இல்லை. பிறகு 100, 150. ஒவ்வொரு முறையும் பம்பின் முள்ளும் ரைபிளின் முள்ளும் ஏறக்குறைய ஒன்றாகப் போகிறதா என்று பார்த்தார்கள். யாரும் மீட்டரின் முகத்துக்கு நேராக நிற்கவில்லை.

200 ஏற்றி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 185. அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் அது ஒழுகல் இல்லை. பம்ப் அடிக்க அடிக்க உள்ளே காற்று சூடாகும். 50 டிகிரியில் 200 பார் காட்டியது 25 டிகிரிக்கு ஆறினால் சுமார் 185க்கு வரும். மறுநாள் காலையிலும் அதே 185 நின்றால் அடைப்பு சரி. நின்றது.

இதையே திருப்பிப் போட்டால் சென்னை வெயிலில் எச்சரிக்கை வேண்டும். ஏ.சி. போட்ட சுடுதளத்தில் 24 டிகிரியில் 200 ஏற்றி, மே மாதம் கார் டிக்கியில் வைத்தால், 55 டிகிரியில் அது 220ஐத் தாண்டும். கடலோர ஊரில் ஈரப்பதமும் அதிகம். கைப் பம்பில் காற்றோடு நீரும் ஏறிக் குழாயை உள்ளே அரிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பம்பின் அடியிலுள்ள திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும்.

பெரிய போட்டிகளில் பயன்படும் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஸ்டேயர் போன்ற ரைபிள்களில் கதை வேறு. அவற்றில் காற்றுச் சிலிண்டரே தனியாகக் கழலும், மீட்டர் அதன் நுனியில் பதிந்திருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது. சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும். அதிகபட்சம் 10 ஆண்டு. தேதி முடிந்த சிலிண்டரைச் சர்வதேச விதிப்படி போட்டியில் ஏற்க மாட்டார்கள். பழைய ரைபிள் வாங்கித் தரும் பெற்றோர் விலை பேசும் முன் இந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனதும் இந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். வேளச்சேரி, எழும்பூர் என்று சென்னையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் வெளியூர்ப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே இந்தச் சாமான் இனி கிராமத்து வீடுகளுக்கும் வரும்.

வயலுக்கு இது ஆயுதமல்ல

இதைப் படித்ததும் வரப்போகும் கேள்வி தெரிந்ததே: குரங்கு, மயில், பன்றியை விரட்ட இதை வைத்துக்கொள்ளலாமா? 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. லைசென்ஸ் இல்லாததால் எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. மயிலைச் சுட்டால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைதான். காகம், எலி போன்றவற்றைத் தனியாக வைத்திருந்த பழைய பட்டியலும் 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. பன்றிக்கு இந்தக் குண்டு காயம் மட்டும்தான் தரும், காயம்பட்ட பன்றி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனுக் கொடுப்பதே வழி. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர் கன்களை மக்களே அரசிடம் ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. பறவைகள் அருகிப்போனதுதான் காரணம்.

மதுராந்தகத்துக்காரர் அந்த வாரமே ஊருக்குத் திரும்பினார். போனதும் முதல் வேலையாகக் கத்தரி வயலின் ஃபில்டர் முன்னும் பின்னும் உள்ள இரண்டு மீட்டர்களையும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார். தண்ணீரே இல்லாத குழாயில் பின்பக்க மீட்டர் 1.2 கிலோ காட்டியது. ஃபில்டருக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ளதற்கும் வித்தியாசம் அரைக் கிலோவை எட்டினால் ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பின்பக்க முள் எப்போதும் மேலேயே நின்றதால் வித்தியாசமே தெரியாமல் போயிருக்கிறது. ஃபில்டரைத் திறந்தால் உள்ளே சேறு. கடைசி நாலு வரிசைக் கத்தரி ஏன் காய்க்கவில்லை என்று போன போகம் முழுக்க உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு மீட்டரும் மாற்றியாகிவிட்டது, 4 கிலோ முகம், பி.எஸ்.பி. கால் அங்குல மரை. இந்த முறை டேப் சுற்றியே பொருத்தினார். மீட்டரின் மரை கூம்பு மரை, அதனால் டேப் சரிதான்.